உரித்தவன் பெயர் எங்கே?

மெட்ராஸ் ஜனங்கள் எழும்பூர் மியூசியத்துக்கு வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. 1851இல் மியூசியம் தொடங்கியபோது அது கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. 1854இல்தான் பாந்தியன் சாலைக்குப் போனது. அதனால் காலேஜ். உள்ளே இருப்பதெல்லாம் செத்தது. அதனால் செத்த காலேஜ். முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். பின்னால் பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985இல் வண்டலூருக்கும் போனது அந்த உயிர் காலேஜ்தான்.

எழுத்து தெரியாத ஜனங்கள் வைத்த பெயர்கள் இவை. எவ்வளவு சரியான பெயர்கள்! ஆனால் இந்தப் பெயரிலேயே எனக்கொரு கேள்வி இருக்கிறது. எங்கள் ஊரில் செத்ததைத் தொட்டவன் சேரிக்காரன். தொட்டதால்தான் தீட்டு என்றார்கள். செத்த காலேஜில் மட்டும் செத்ததைத் தொட்டவன் விஞ்ஞானி ஆனது எப்படி?

எங்க தாத்தா செத்த மாடு உரித்தவர். வட ஆற்காட்டுப் பக்கம். ஊரில் மாடு செத்தால் ஊர்த்தெரு ஆள் வந்து சேரி முனையில் நின்று குரல் கொடுப்பான். உள்ளே வர மாட்டான். தாத்தாவும் இன்னும் மூணு பேரும் போய் மூங்கிலில் கட்டித் தூக்கி வருவார்கள். தோலுக்கு உப்பு போட்டு ராணிப்பேட்டைக்கு அனுப்புவார்கள். எங்க நைனா அந்த வேலையை விட்டுக் கட்டட வேலைக்குப் போனார். நான் படித்தேன்.

காலேஜில் சேர்கிற அன்றைக்குத் தாத்தா கூட வந்தார். எந்தக் காலேஜ் என்பது இங்கே முக்கியமில்லை. ஃபீஸ் கட்டுகிற வரிசை நீளமாக இருந்தது. விலங்கியல் துறையின் மியூசியக் கதவு திறந்திருக்க, தாத்தா உள்ளே போய்விட்டார். நான் தேடிப் போனபோது, பாடம் பண்ணி நிறுத்தியிருந்த ஒரு மானுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, வயித்துப் பக்கம் கத்தி போட்டுக்கிறான். காலு நாலையும் தனியா வாங்கிக்கிறான். ஒரு எடத்துல கூடத் தோலு கிழியல. கைகாரன்டா இவன். யாரு உரிச்சதுன்னு எழுதிக்கிறானா, படி."

படித்தேன். தமிழ்ப் பெயர், இங்கிலீஷ் பெயர், லத்தீன் பெயர். கீழே, சேகரித்துக் கொடுத்த ஒருவரின் பெயர்.

"இல்ல தாத்தா. குடுத்தவரு பேருதான் கீது."

தையல் இருக்கிற இடத்தைக் காட்டத் தாத்தா விரலை நீட்டினார். வாசலில் இருந்த ஆள் கத்தினான்: "யோவ், தொடாதய்யா! அதெல்லாம் படிக்கிற புள்ளைங்களுக்கு வெச்சது."

"தொடல சாமி" என்று தாத்தா கையை மடக்கிக்கொண்டார்.

ஆயுசு முழுக்கத் தோலைத் தொட்டதற்காகத் தள்ளி வைக்கப்பட்ட மனிதர் அவர். அங்கே தோலைத் தொடக்கூடாது என்று தள்ளி நிறுத்தினார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை நண்பர்களே, வெட்கம்தான் வந்தது. பி.ஏ., எம்.ஏ. என்று அஞ்சு வருஷமும், தாத்தா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடமெல்லாம் 'விவசாயம்' என்றே சொன்னேன். இந்தக் கட்டுரையை அந்தப் பொய்க்குக் கட்டுகிற அபராதமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

இயற்கை வரலாற்று மியூசியம் என்றால் என்ன வேலை? மிருகத்தின் வயிற்றைக் கீறித் தோலை எடுக்கணும். கொழுப்பையும் சதையையும் சுரண்டணும். உப்பும் படிகாரமும் போடணும். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவினார்கள். அந்த விஷம் பழைய தோல்களில் இன்னும் இருக்கிறது என்று கையுறை போட்டுத்தான் எடுக்கிறார்கள். தடவினவன் கைக்கு என்ன ஆனது என்று யாரும் பேசுவதில்லை. பிறகு கம்பியால் கூடு கட்டி, பஞ்சும் வைக்கோலும் அடைத்து, தைத்து, கண்ணாடிக் கண் வைப்பது. தாத்தா உப்பும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அறிந்தவர். இரண்டு இடத்திலும் கத்தி ஒன்று, தோல் ஒன்று, நாற்றமும் ஒன்றுதான். ஒன்றுக்கு 'இழிதொழில்' என்று பெயர். இன்னொன்றுக்கு 'டாக்ஸிடெர்மி' என்று பெயர்.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. சார்லஸ் டார்வின் எடின்பரோவில் படித்தபோது, பறவைத் தோலை உரித்துப் பாடம் பண்ண அவருக்குக் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தவர் கயானாவில் அடிமையாக இருந்து விடுபட்ட ஒரு கறுப்பர். டார்வின் தன் வரலாற்றில் அவரை நல்லவர், அறிவாளி என்று நன்றியோடு நினைக்கிறார். பெயரை மட்டும் எழுதவில்லை. ஜான் எட்மன்ஸ்டன் என்ற பெயரைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள்தான் தேடி எடுத்தார்கள். 1831இல் பீகிள் கப்பல் ஏறிய டார்வினின் விரல்களில் அந்த மனிதரின் பாடம் இருந்தது.

1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் சுற்றிய ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ் சேர்த்தவை 1,25,660 மாதிரிகள் என்பது அவரே கொடுக்கும் கணக்கு. ஒரு மனிதனின் இரண்டு கை செய்கிற வேலையா இது? சரவாக்கைச் சேர்ந்த அலி என்கிற இளைஞன் சமையலுக்கு வந்தவன். பறவைகளைச் சுடவும் உரிக்கவும் பழகினான். 1858இல் பாச்சான் தீவில் அதுவரை அறிவியல் அறியாத ஒரு சொர்க்கப் பறவையைச் சுட்டு எடுத்துவந்தவன் அலி. அந்தப் பறவைக்கு வைத்த பெயர் வாலஸின் பெயர். வாலஸ் தன் புத்தகத்தில் அலியைப் பற்றி எழுதினார், அந்த நேர்மை அவருக்கு இருந்தது. ஆனால் லத்தீனில் அலிக்கு இடமில்லை.

கைகளை மறைத்ததோடு இந்த மியூசியங்கள் நிற்கவில்லை. உழைத்த ஜனத்தையே மாதிரிகளாக அடுக்கத் தொடங்கின. மறுபடியும் எழும்பூருக்கு வருவோம். 1885 முதல் 1908 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மீனும் பவளமும் முத்துச்சிப்பியும் ஆராய வந்தவர், மனிதத் தலைகளை அளக்கப் போனார். தலையின் நீளம் அகலம், மூக்கின் அகலம் உயரம், தோலின் நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி. அதன் முடிவில் 1909இல் வந்தவை 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகள். இன்றைக்கும் சாதிச் சங்கங்கள் பெருமை தேட அதைத்தான் புரட்டுகின்றன.

அவர் எழுதியிருக்கிற ஒரு சம்பவத்தை நான் மறக்கவே முடியாது. வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்து, பாடம் பண்ணி, மெட்ராஸ் மியூசியத்தில் நிறுத்தப் போகிறார் என்று பயந்தார்களாம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, அப்படிச் செய்ய முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும், உயிருள்ள ஆளை வைத்து உருவ மாதிரி செய்கிற தொல்லை தீர்ந்துவிடுமே என்று சேர்த்துக்கொள்கிறார்.

படித்தவர்கள் இதை 'மூடநம்பிக்கை' என்பார்கள். இல்லவே இல்லை. அடிமைகளாக வயல்களில் கட்டிவைக்கப்பட்டிருந்த அந்த ஜனத்தின் பெண்கள் துரையின் கண்ணைச் சரியாகப் படித்தார்கள். தாங்கள் அவருக்கு யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது பயம் மட்டுமில்லை, மியூசியத்தைப் பற்றி இந்த மண்ணில் வந்த முதல் விமர்சனங்களில் ஒன்று என்று நான் சொல்வேன்.

தர்ஸ்டன் காலத்திலேயே ரிஸ்லி என்கிற அதிகாரி, மூக்கு அகன்றால் சாதி தாழ்ந்தது என்று ஒரு விதியே எழுதினார். வெள்ளைக்காரன் அளவுகோலை இங்கே மகிழ்ச்சியோடு பிடித்துக்கொண்டவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பதில் சொன்னவர் பாபாசாகேப். 1948இல் வந்த 'தீண்டப்படாதார்' பற்றிய நூலில், அவர்கள் எடுத்த மூக்குக் கணக்கையே மேசைமேல் வைத்தார். இந்த அளவை நம்பகமானது என்றால், பிராமணனும் தீண்டப்படாதவனும் ஒரே இனம் என்றுதான் அது காட்டுகிறது என்றார். அவர்கள் கருவியாலேயே அவர்கள் விதியை உடைத்தார்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு வருஷங்களை மட்டும் சொல்கிறேன். 2002 அக்டோபரில் அரியானாவின் ஜஜ்ஜார் பக்கத்தில், பசுவைக் கொன்றார்கள் என்று வதந்தி கிளப்பி ஐந்து தலித்துகளை அடித்தே கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத் ஊனாவில், செத்த பசுவை உரித்த இளைஞர்களைக் காரில் கட்டி வைத்துத் தோலை உரிக்கிற மாதிரி அடித்தார்கள். அதற்குப் பதிலாகக் குஜராத்தின் தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் போட்டார்கள். உங்க மாடு, நீங்களே எடுத்துக்கங்க! நாட்டிலேயே அன்றைக்கு நடந்த பெரிய கண்காட்சி அதுதான். அங்கே எந்தப் பெட்டியும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

அப்படியென்றால் மியூசியத்தை இழுத்து மூடணுமா? நான் அதைச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் வல்லூறுகள் ஏன் குறைகின்றன என்று தேடிய ராட்க்ளிஃப், சேகரிப்புகளில் இருந்த பழைய முட்டை ஓடுகளோடு புதிய ஓடுகளை ஒப்பிட்டு, ஓடு மெலிந்துவிட்டது என்று 1967இல் எழுதினார். டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகள் மேல் அந்தப் பழி நிரூபணமாக அது உதவியது. நூறு வருஷத்துக்கு முந்திய ஓடு பெட்டியில் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. சேகரிப்பு சாட்சி சொல்லும். ஆனால் எல்லாச் சாட்சியையும் கேட்டார்களா?

உரித்துப் போட்ட மாட்டைத் தின்ன வருகிற பிணந்தின்னிக் கழுகுகள் வராமல் போய்விட்டன என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று 2004இல் ஆய்வு வெளிவந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். செத்த மாட்டுக்குப் பக்கத்தில் கழுகோடு சேர்ந்து நின்றவன் தோல் உரிக்கிறவன். அவன் பேச்சு எந்தப் பெட்டியில் இருக்கிறது?

நம் தோழர்களே இன்னொரு கேள்வி கேட்பார்கள்: இழிதொழிலுக்குப் பெருமை தேடுகிறாயா? செத்த மாட்டை விடச் சொன்னாரே அம்பேத்கர்! விடத்தான் வேண்டும். எங்க நைனா விட்டது சரி. நான் மறுபடி கத்தியை எடுக்கப் போவதில்லை. ஆனால் தொழிலை விடுவது வேறு, தொழிலுக்குள் இருந்த அறிவை அவன் பெயருக்கு எழுதிக்கொள்ள விடுவது வேறு. முதலாவது விடுதலை. இரண்டாவது திருட்டுக்குத் துணைபோவது.

கேட்பது அதிகமில்லை. பழைய பதிவேடுகளைத் திறங்கள். கூலிப் பட்டியலிலாவது பிடித்தவன், உரித்தவன், தைத்தவன் பெயர் இருக்கும். அதை லேபிளில் ஏற்றுங்கள். பெயர் கிடைக்காத இடத்தில் 'பெயர் பதியப்படவில்லை' என்றாவது எழுதுங்கள். தர்ஸ்டனின் கருவிகளை வைத்தால், ஓடிய பணியர் பெண்களின் கதையையும் பக்கத்தில் வையுங்கள். இருளர்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பாம்பு பிடித்து விஷம் எடுக்கிறார்கள். அந்த விஷத்திலிருந்து மருந்து வருகிறது. வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தது அரசு. பாம்பு மாதிரிகளுக்கு விளக்கம் எழுதும்போது அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதுங்கள்.

தாத்தா இப்போது இல்லை. அன்றைக்கு அந்தக் காலேஜ் வாசலை விட்டு வெளியே வந்து டீ குடிக்கும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன்டா, இம்மாம் பெரிய பள்ளிக்கூடம். உரிச்சவன் பேரு எழுத ஒரு முழம் எடம் இல்லியா?"

இடம் இருந்தது தாத்தா. மனசுதான் இல்லை. இதோ, நான் எழுதுகிறேன்.