மார்பில் ஏற்ற விழுப்புண்

நோய் நீங்கிவிட்டது என்று மருத்துவர் கூறிவிட்டார். அறுவை முடிந்தது, கதிர்வீச்சு முடிந்தது, குருதியிலே ஏற்றிய கடுமருந்தும் முடிந்தது. மார்பகப் புற்றோடு போராடி, சாவின் வாயில்வரை சென்று, மீண்டு வருகிறாள் ஒரு பெண். வாகை சூடி வந்தவளை வரவேற்க வேண்டிய வீடும் வீதியும் என்ன செய்கின்றன? வாழ்த்துகின்றனவா? இல்லை! "எந்தப் பிறவியில் செய்த பாவமோ!" என்று வாய் முணுமுணுக்கிறது. கண்ணோ அவள் தலையை அளக்கிறது, மார்பை அளக்கிறது. நோயை வென்றவள் அந்த நோக்குக்குத் தோற்கிறாள். நிலைக்கண்ணாடிக்கு முதுகு காட்டுகிறாள். விளக்கை அணைத்துவிட்டு உடை மாற்றுகிறாள். தன் மேனியே தனக்கு அயலாகிவிட்டது அவளுக்கு!

யார் செய்த வேலை இது? புற்றுநோய் செய்ததா? பாதிதான். மீதியை நாம் செய்தோம்!

முதலில் முடியைப் பற்றிப் பேசுவோம். விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிப்பது அந்தக் கடுமருந்தின் வேலை. புற்றணு விரைந்து பெருகுவது. மயிர்க்காலில் உள்ள அணுவும் அத்தகையதே. மருந்துக்கு வேறுபாடு தெரிவதில்லை, முடி உதிர்கிறது. மருந்து நின்ற சில திங்களில் பெரும்பாலோர்க்கு மீண்டும் முளைக்கிறது. செய்தி இவ்வளவே! இதிலே பாவம் எங்கிருந்து வந்தது? பழனியிலும் திருப்பதியிலும் நாள்தோறும் எண்ணற்ற தலைகள் மழிக்கப்படுகின்றன, அது புண்ணியமாம்! உயிர் காக்கும் மருந்தால் உதிர்ந்தால் மட்டும் அமங்கலமாம்! கத்தி எடுத்தால் பக்தி, மருந்து எடுத்தால் பழியா? கைம்பெண்ணின் தலையை மழித்து மூலையில் அமர்த்திய பழங்கொடுமையின் நிழலன்றோ இது!

நான் பணியாற்றும் பள்ளிக்கு, மருத்துவம் முடிந்து திரும்பினார் ஆசிரியை ஒருவர். ஆண்டு விழாவில் விளக்கேற்ற அவர் பெயரை ஒருவர் முன்மொழிந்தபோது, "முடி வளரட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றனர் மற்றவர்கள். படிப்பறியாதவர்களா அப்படிச் சொன்னார்கள்? பட்டம் பெற்றவர்கள், அறிவியல் பாடம் நடத்துகிறவர்கள்! கரும்பலகையிலே உயிரணுவை வரைகிறது கை. கருத்திலே கருமவினை குடியிருக்கிறது!

அடுத்தது மார்பு. மார்பிலே ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றியது நம் இனம். களத்திலிருந்து திரும்பிய வீரனின் தழும்பு கண்டு ஊர் நிமிர்ந்தது. புற்றோடு பொருது மீண்டவளின் தழும்பும் மார்பிலேதானே இருக்கிறது? ஆடவன் நெஞ்சிலே இருந்தால் அணி, பெண் நெஞ்சிலே இருந்தால் இழிவா? கூந்தல் முதல் பாதம்வரை பெண்ணை உறுப்பு உறுப்பாக வருணித்துப் பழகி, உறுப்புகளின் தொகுப்பே பெண் என்று நம்பிவிட்டோம். தொகுப்பில் ஒன்று குறைந்தால் விலையையும் குறைக்கிறோம், சந்தைப் பண்டத்திற்குச் செய்வதுபோல!

மருத்துவம்கூடத் தன் பிடிவாதத்தை விட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டட் பரப்பிய அறுவை முறை, மார்பகத்தோடு அடியிலுள்ள தசையையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றியது. பல்லாண்டுக் காலம் அதுவே வேதவாக்கு. பெர்னார்டு ஃபிஷர் என்பார் அதை ஐயுற்றார், ஆய்வுக்கு உட்படுத்தினார். தொடக்க நிலை நோயில், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும் பிழைப்போர் தொகை குறைவதில்லை என்பதை 1985இல் வெளியான முடிவும், 2002இல் வெளியான 20 ஆண்டுக் கணக்கும் மெய்ப்பித்தன. அறிவியல் திருந்தியது. சமுதாயம் ஏன் திருந்தவில்லை?

"உயிர் பிழைத்ததே பெரிது, இனி உடலைப் பற்றிக் கவலை எதற்கு?" என்பார் சிலர். கனிவுபோலத் தோன்றும், வாயை அடைக்கும் சொல் அது! மரத்த தோல், வலிக்கும் தோள், தீராத சோர்வு இவற்றோடு வாழப்போகிறவள் அவளல்லவா? பேசவே கூடாதென்றால் தீர்வை எங்ஙனம் தேடுவாள்? கணுக்களை அகற்றியபின் சிலர்க்குக் கை வீங்கும். "அந்தக் கையால் குடம் தூக்காதே" என்பதே நெடுநாள் அறிவுரை. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பயிற்சியாளர் துணையோடு சிறிது சிறிதாக எடை தூக்கிப் பழகிய பெண்களுக்கு வீக்கம் மிகவில்லை என்று காட்டியது. முடங்கிக் கிடப்பதன்று, முறையறிந்து இயங்குவதே மேனியை மீட்கும் வழி! இல்லற வாழ்விலே தோன்றும் வலியும் வறட்சியும்கூட மருத்துவரிடம் கூறத்தக்க குறைகளே. நாணத்துக்கு அங்கே இடமில்லை. கணவன்மார்களே! புற்று, தொட்டால் ஒட்டும் நோயன்று. விலகிப் படுப்பதைப் பரிவு என்று எண்ணாதீர்கள். அவள் விருப்பம் என்னவென்று கேளுங்கள்.

செயற்கை மார்பு அணிவதோ, அறுவையால் புதிதாக அமைத்துக்கொள்வதோ, எதுவும் வேண்டாமென நடப்பதோ, முடிவு அவளுடையது. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டு 1978இல் மார்பகம் இழந்தார். செயற்கை மார்பு அணிய மறுத்தார். அணியாமல் வருவது அங்குள்ளோரின் மனத்தைத் தளர்த்தும் என்று செவிலி கடிந்ததை, 1980இல் வெளிவந்த தம் நூலிலே பதிந்தார். பிறர் மனநிறைவுக்காகத் தன் மேனியை மறைக்க வேண்டும் என்று ஒரு பெண்ணைப் பணிக்க எவருக்கு உரிமை?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். விதியென்று அழுதுகொண்டிருந்தாரா? 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமானார். பெண்ணின் உடலைக் கோயிலுக்கு உடைமையாக்கிய பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடியவரும் அவரே. போராட்டம் இரண்டு, உண்மை ஒன்று: பெண்ணின் மேனி பெண்ணுக்கே உரியது!

உயிரை மீட்டது மருத்துவம். உடலை அவளே மீட்டுக்கொள்வாள். அழுது மீட்பாள், சினந்து மீட்பாள், மெல்ல மெல்ல மீட்பாள். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாவம் பேசும் நாவை அடக்குவோம், அளந்து பார்க்கும் கண்ணைத் திருத்துவோம், வழிவிட்டு நிற்போம்!