கோழி தும்மினால் மாத்திரையா?

முதல்முறையாகக் கொல்லையில் நாலு கோழி வளர்ப்பவர்கள், ஒன்று தும்மினாலே வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இது தவறு!

கொண்டையில் கொப்புளம் கிளம்பினால் பெரும்பாலும் அம்மை. கொசு பரப்பும் வைரஸ் அது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. கோழியைத் தனியே அடைத்து, தீனியும் தண்ணீரும் வைத்தால் பொருக்கு சில வாரங்களில் தானே உதிரும். வாய்க்குள் புண் வந்தால் மட்டும் டாக்டரிடம் ஓட வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் வேறு கதை. வந்தபின் மருந்தே கிடையாது. முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் காப்பாற்றும்.

தேவையில்லாத மருந்து முட்டை வழியே வீட்டுப் பிள்ளையின் தட்டுக்கே வரும். கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடும்... இந்தப் பயத்தில்தான் 2019இல் கோலிஸ்டினைக் கோழிகளுக்குத் தர மத்திய அரசு தடை விதித்தது.

முதலில் பிரித்து வையுங்கள். பிறகு கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரை கடைசியில்தான்.