தயிர்ச்சட்டியில் முளைத்த கற்கள்

கல்முனைக்குடியிலிருந்து வந்த உறவுக்கார இளைஞர் ஒருவர் அண்மையில் தமது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். விரல் நுனியளவுச் செடி ஒன்றின் படம். பார்வைக்குக் கூழாங்கல் போலிருந்தது. "மாமா, இத எடுப்பிச்சா என்ன?" என்று கேட்டார். விலையைப் பார்த்தேன், ஒரு மூடை நெல்லின் விலையைத் தாண்டியிருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிப்பகுதியில் பழைய இலைகளின் காய்ந்த தோல் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. மேலே வெயில் சுட்ட தழும்புகள். வேரில் பாறைத் துணுக்கு ஒட்டியிருந்தது. சட்டியில் வளர்ந்த செடிக்கு இத்தனை காயங்கள் வருவது அரிது. "தம்பி, இது களவெடுத்த சாமான் போலத் தெரிகிறது" என்றேன். செடியைக் கூடவா களவெடுப்பார்கள் என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

தென்னாபிரிக்காவின் மேற்குப் பகுதியிலும் நமீபியாவின் தெற்கிலும் ஒரு வறண்ட நிலம் இருக்கிறது. நீரை இலையில் சேமிக்கும் சதைப்பற்றுத் தாவரங்கள் உலகில் மிகச் செறிவாக வாழும் இடம் அதுவே. கொனோபைற்றம் என்னும் குள்ளச் செடிகளின் தாயகமும் அதுதான். அவற்றுட் சில இனங்களுக்கு ஒரேயொரு குன்றுதான் உலகம். 2020இல் கொரோனா முடக்கம் வந்து உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது, இத்தகைய செடிகளின் மீதான ஆசை பெருகியது. 2019 முதல் 2024 வரை தென்னாபிரிக்கப் பிராந்தியத்தில் கைப்பற்றப்பட்ட களவுச் செடிகள் மட்டும் 10 இலட்சத்துக்கும் அதிகம். பிடிபடாமற் போனவை எத்தனையோ! அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் டட்லியா என்ற செடிக்கு இதே கதி நேர்ந்து, 2021இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நமக்கு இது புதிய கதையன்று. நம் நாட்டுக் காடுகளில் வல்லப்பட்டை மரத்தைத் தறித்துக் கட்டுநாயக்க விமான நிலையம் வழியே கடத்த முயன்றவர்கள் பிடிபட்ட செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். மரத்தைத் தறித்தவனுக்குக் கிடைத்தது கூலி. வாசனைத் திரவியச் சந்தையில் விற்றவனுக்கே இலாபம். தென்னாபிரிக்காவிலும் பாறை இடுக்கில் குனிந்து தோண்டுபவர்களிற் பலர் வேலையற்ற ஏழைகள். இந்தச் சங்கிலியின் மறுமுனை வாங்குபவரின் கையில் இருக்கிறது. "நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான்" என்பது பழைய சமாதானம். இன்று ஒன்று விற்றால்தான் நாளை இன்னொன்று தோண்டப்படும் என்பதே அதற்கான விடை.

அப்படியானால் ஆசையை அடக்கிக்கொள்வதா? வேண்டியதில்லை. விதையிலிருந்து வளர்க்கலாம் என்பதே என் கட்சி.

கொனோபைற்றத்தின் நெருங்கிய உறவு லித்தொப்ஸ். 1811இல் வில்லியம் பேர்ச்சல் என்ற ஆங்கிலப் பயணி தென்னாபிரிக்காவில் விநோதமான கூழாங்கல் என்றெண்ணிக் கையிலெடுத்தது இதைத்தான். இதன் வித்துப்பை காய்ந்திருக்கும்வரை இறுக மூடியிருக்கும். நீர் பட்டால் பூவைப் போல விரியும். மழைத்துளி விழும் வேகத்தில் விதைகள் தெறித்தோடும். ஈரம் உலர்ந்ததும் எஞ்சிய விதைகளோடு மீண்டும் மூடிக்கொள்ளும். பாலை நிலத்தில் எல்லாவற்றையும் ஒரே மழைக்குச் செலவழிக்கக் கூடாது என்பது அச்செடிக்குத் தெரிந்திருக்கிறது.

நுவரெலியாவில் இவற்றை வளர்க்கும் நண்பர் ஒருவர் தமது செடிகளில் விளைந்த விதைகளை எனக்குத் தந்தார். (வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் விதைக்கும் தாவரத் தொற்றுத்தடைப் பிரிவின் அனுமதி வேண்டும், கடித உறைக்குள் வைத்து அழைப்பிப்பதும் சட்டமீறலே.) எருமைத் தயிர்ச் சட்டியின் அடியில் துளையிட்டு, உப்பில்லாத ஆற்று மணலையும் செங்கல் நொறுக்கையும் கலந்து நிரப்பினேன். தூசி போன்ற விதைகளை மேலே தூவினேன், மண்ணால் மூடவில்லை. சட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரமேற்றி, மேலே கண்ணாடித் துண்டொன்றைப் போட்டேன். பத்தாம் நாள் கடுகிலும் சிறிய பச்சைப் புள்ளிகள் தோன்றின.

தூவியவை 60. முளைத்தவை 41. முதல் மாதத்தில் பூஞ்சணம் பாதியைக் கொண்டு போயிற்று. மாரி மழைக் காலத்து ஈரக்காற்று இன்னும் பலவற்றை அழுகச் செய்தது. இரண்டு ஆண்டுகள் முடிந்தபோது எஞ்சியவை 5. அவை பூக்க மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். பிறகும் விதை வேண்டுமானால் ஒரே நேரத்தில் இரண்டு செடிகள் பூக்க வேண்டும். தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது இதன் இயல்பன்று.

இந்தக் கணக்கை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நமது கரையோரம் இச்செடிகளுக்கு உகந்த இடமன்று. குளிர்ந்த இரவும் வறண்ட காற்றும் இங்கே இல்லை. குளிர்காலத்து மழையில் வளர்ந்து கோடையில் உறங்கும் கொனோபைற்றத்துக்கு நமது சூழல் இன்னும் கொடியது. அரை நூற்றாண்டு பாறையில் வாழ்ந்த ஒரு செடியை இங்கே கொண்டுவந்து வைத்தால், பெரும்பாலும் ஒரு மாரியைக்கூடத் தாண்டாது. விதை தோற்றால் இழப்பு ஒரு சிட்டிகைத் தூசி. தோண்டியெடுத்த செடி தோற்றால் ஒரு குன்று வெறுமையாகிறது. எனது வாதத்தின் சாரம் இவ்வளவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது களப்போரத்து உவர்நிலத்தில், தடித்த இலையும் இளஞ்சிவப்புச் சிறுபூவுமாகப் படர்ந்து கிடக்கும் செசுவியம் என்ற செடி, லித்தொப்ஸ் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள உறவைக் காசு கொடுத்து அழைக்க முனையும் நாம், வாசலில் நிற்கும் உறவை மிதித்துக்கொண்டு நடக்கிறோம். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். ஒலுவில், நிந்தவூர்ப் பக்கங்களில் கடலரிப்பும் கரையைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. மணலைப் பிடித்து வைக்கும் கரையோரச் செடிகள் தனியே அலையை நிறுத்திவிடா. ஆயினும் அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நமது முன்னோர் சும்மா சொல்லவில்லை.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அங்குள்ள உயிரியல் மாணவர்களும் ஊர்ப் பாடசாலைகளும் சேர்ந்து நமது கரையோரச் செடிகளுக்கு ஒரு சிறு விதைச் சேமிப்பை ஏன் தொடங்கக் கூடாது? பெரும் செலவு வராது, வேண்டியது பொறுமை. உலகம் முடியப்போகிறது என்று தெரிந்தாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர் நிறைந்த ஊர்கள் இவை. பிறர் நிலத்தில் பிடுங்கியதை வாங்கி வைப்பது அந்த நடுகைக்குள் அடங்காது.

அந்த இளைஞர் செடியை வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை. போகும்போது ஒரு தயிர்ச் சட்டியையும், தாளில் மடித்த கொஞ்ச விதையையும் கொடுத்தனுப்பினேன். "எத்தின நாள் போகும் மாமா?" என்றார்.

"முளைக்கப் பத்து நாள். பூக்க, நீங்கள் கலியாணம் முடித்த பிறகு" என்றேன்.