பிச்சாவரத்தைப் பற்றிய கட்டுரை கிள்ளைக்கு வர வேண்டும்

கடலூர், சிதம்பரம் வட்டாரக் கல்லூரிகளின் நூலகர்கள், ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், இளநிலை படிக்கும் பிள்ளைகள் கூடிப் பேசி இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம். இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்க உட்கார்ந்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும் என்பதால் வேலையை முதலில் கையில் எடுத்தோம். ஆய்வுக் கட்டுரைகளை மாணவர் கையில் சேர்ப்பதுதான் அந்த வேலை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்தார்கள். கரையோரத் தாவரப் பரப்பு, கடலிலிருந்து உள்ள தூரம், தரையின் உயரம் மூன்றும் கூடக்கூட உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைந்தன என்று 2005இல் எழுதினார்கள். அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழில் பன்னாட்டுக் குழு ஒன்று கடலூர் மாவட்டக் கரையை வைத்தே, மரங்கள் காப்பாற்றின என்றது. அடுத்த ஆண்டு வேறொரு குழு கதிரேசன் கட்டுரையின் எண்களையே மறுபடி கணக்குப் போட்டு, தூரமும் உயரமும்தான் காரணம், காட்டின் பங்கு மிகச் சொற்பம் என்று மறுத்தது. நம் மண்ணைப் பற்றி, நம் சாவைப் பற்றி நடந்த வாதம் இது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டிய கிள்ளையிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்கு வரும் மாணவி இதைத் தேடினால் என்ன கிடைக்கும்? சுருக்கம் ஒரு பத்தி. அதற்குக் கீழே டாலரில் ஒரு விலை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட அசைன்மென்ட்டின் தலைப்போ 'அலையாத்திக் காடுகளின் பயன்கள்'. ஸ்கெட்ச் பேனாவால் மார்ஜின் போட்ட ஏ4 தாள், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை; போன வருஷம் சீனியர் எழுதியதைப் பார்த்துக் கையால் எழுதிய பத்துப் பக்கம். இப்போது சாட்ஜிபிடி வந்திருக்கிறது. கையெழுத்து மட்டும் மாறவில்லை. பயன்கள் என்று கேட்டால் பயன்கள்தான் வரும். 'பிச்சாவரம் சுனாமியைத் தடுத்ததா? கதிரேசன் கட்டுரை, அதன் மறுப்பு இரண்டையும் படித்து, யார் கணக்கு சரி என்று சொல்' என்று கேட்டுப் பாருங்கள். காப்பியடிக்க ஆள் கிடைக்காது.

கட்டுரைக்குப் பணமில்லை என்ற பழைய பதில் இப்போது செல்லாது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. வரி கட்டியவர்களில் கிள்ளைக்காரர்களும் உண்டு.

ஆனால் திட்டம் வந்தால் போதாது, கதவு திறக்க வேண்டும். கல்லூரி பதிவு செய்ய வேண்டும். பொறுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் பெயர் ஏற்றப்பட வேண்டும். பெரும்பாலும் வளாகத்தின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் டேட்டாபேஸ் உள்ளே விடும். மாலை நாலரைக்கு கேட்டைத் தாண்டினால் அதோடு சரி. கம்ப்யூட்டரே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு நூலகத்தின் இரண்டு கணினிகளும் மதிய இடைவேளையும்தான் ஆராய்ச்சி உலகம். சுயநிதிக் கல்லூரிகள் இந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருந்தாலும், சந்தா நிறுவனத்துக்கு நிறுவனம் தனி.

மூடிய கதவு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தில்லையில் தேவார ஏடுகள் இருந்த அறை, அவற்றைப் பாடிய மூவரும் வந்தால்தான் திறக்கும் என்றார்களாம். மன்னன் அதற்கொரு வழி கண்டு உள்ளே போனபோது கறையான் பெரும்பகுதியைத் தின்றிருந்தது. பிடிஎஃப்பைக் கறையான் அரிக்காதுதான். ஆனால் சந்தா நின்றால் அறை மறுபடி மூடிக்கொள்ளும். இப்போதைய ஒதுக்கீடு 2027 வரைக்கும்தான்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்லிவிடுகிறோம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் பருவம் வந்தால் யாராவது ஒருவர் மென்பொருள் வைத்து ஓர் இதழின் பத்தாண்டுத் தொகுதியை ஒரே ராத்திரியில் இறக்குவார். பதிப்பகம் அதைக் கண்டுபிடித்து மொத்த வளாகத்தையும் முடக்கும். காலையில் நூலகர் முன்னால் நாற்பது பேர் நிற்பார்கள். இறக்கியவர் மட்டும் வரமாட்டார். பாஸ்வேர்ட் வாட்ஸப் குரூப்பில் சுற்றுவதும் இப்படித்தான் முடிகிறது. பதிப்பகங்களின் அனுமதியில்லாமல் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சைஹப் தளத்தின் பக்கம் போனவர்களை நாங்கள் திட்டப் போவதில்லை. பசித்தவன் எங்கே சாப்பிட்டான் என்று கேட்பது எங்கள் வேலையல்ல. ஆனால் டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் அதை இந்தியாவில் முடக்கச் சொல்லிவிட்டது. அதை நம்பி ஒரு பாடத்திட்டம் நடத்த முடியாது.

சட்டத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஜெராக்ஸ் கடை மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், பாடத்துக்குத் தேவையான பகுதிகளை நகலெடுப்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் வரும் என்று 2016இல் தீர்ப்பானது. ஆகவே ஆசிரியர் அசைன்மென்ட் தரும் அன்றே, அதற்கு வேண்டிய இரண்டு கட்டுரைகள் பிரின்ட் எடுத்து நூலகக் கவுன்ட்டரில் இருக்க வேண்டும் என்கிறோம். தலைப்பு எழுதும்போதே நூலகரைக் கூப்பிட வேண்டும். இந்தக் கட்டுரை நம் சந்தாவில் இருக்கிறதா, எந்தச் சொல்லைப் போட்டால் அகப்படும் என்று தெரிந்தவர் அவர்தான். அவரைப் புத்தகம் அடுக்குகிறவராக வைத்திருப்பது, டாக்டரைக் கூட்டிவந்து வரிசைச் சீட்டு மட்டும் கொடுக்கவைப்பது மாதிரி.

இது புதிய எண்ணமுமில்லை. சிதம்பரத்துக்குத் தெற்கே இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளி இருக்கும் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியார் வேலையை விட்டு 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் போய்ச் சேர வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்ற விதிகளை 1931இல் நூலாக்கினார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. மாட்டுவண்டிக்கு முடிந்தது ஃபைபர் கேபிளுக்கு முடியாதா?

ஆகவே கோருகிறோம். வளாகத்துக்கு வெளியிலிருந்தும் நுழையும் வசதி ஒவ்வொரு அரசுக் கல்லூரி மாணவருக்கும் சேர்க்கை நாளிலேயே கிடைக்கட்டும். அடையாள அட்டையோடு லாகினும் வரட்டும். சுயநிதிக் கல்லூரிப் பிள்ளையும் தொலைநிலைக் கல்வியில் படிக்கும் மளிகைக் கடைப் பையனும் வந்து உட்கார்ந்து பார்க்க, மாவட்ட மைய நூலகத்தில் திட்டத்தின் இணைப்பு வேண்டும். அதற்கு விதி இடம் தராவிட்டால் விதியை மாற்றக் கேட்போம். பொதுப்பணத்தில் இங்கே நடக்கும் ஆய்வின் ஒரு பிரதி யாரும் படிக்கும்படி திறந்த களஞ்சியத்தில் இருக்கட்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' இருக்கும்போது, இதழ்க் கட்டுரைகளுக்கும் அப்படியே செய்ய என்ன தடை? நம் ஊரைப் பற்றிய கட்டுரைகளின் சுருக்கத்தைத் தமிழில் எழுதும் வேலையை மட்டும் அரசிடம் கேட்கவில்லை. அதை முதுகலை மாணவர்களின் அசைன்மென்ட்டாகவே வைத்துக்கொள்ளலாம், மதிப்பெண்ணும் உண்டு.

முதல் வேலை கணக்கெடுப்பு. எந்தக் கல்லூரி பதிவு செய்திருக்கிறது, எத்தனை பேருக்கு லாகின் உண்டு, எத்தனை பேர் ஒரு முறையாவது நுழைந்தார்கள் என்று கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒவ்வொரு நூலகத்திலும் எழுதி வாங்கிக் கல்லூரி முதல்வர்களிடம் கொடுப்போம். இயக்கத்தில் சேரக் கட்டணம் கிடையாது. பாஸ்வேர்டை வாட்ஸப்பில் போட மாட்டேன், ராத்திரியோடு ராத்திரியாக முழு இதழை இறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும்.