சமயபுரத்தாளுக்கு அஜீரணமா?

விடிந்ததும் கைப்பேசியில் காலை வணக்கப் பூ வரும். அதற்கு அடுத்தபடியாக வந்து விழுவது அறிவியல் காரணம். வாசலில் கோலம் ஏன், காலில் மெட்டி ஏன், கோயிலில் மணி ஏன் என்று எதை எடுத்தாலும் ஒரு நரம்பு தூண்டப்படும், ஒரு கதிர்வீச்சு தடுக்கப்படும், கடைசியில் 'நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல' என்று முத்திரை விழும். முட்டாள்கள் அல்ல என்பதில் எனக்கும் மறுபேச்சில்லை. ஆனால் அவர்கள் செய்தது அத்தனையும் ஆய்வுக்கூடத்து வேலை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு ஒப்புக்கொள்ளவே முடியாது. இங்கே எந்த வழக்கத்துக்கும் காரணம் கேட்டால் சொல்ல ஆள் உண்டு. அவர்கள் சொல்வதில் நரம்பே வருவதில்லை.

முதலில் கோபுரக் கலசம். 'கலசம் இடிதாங்கி, அதற்குள் போடும் வரகு மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும், கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்கு ஊர் பிழைக்கும்' என்கிறார்கள். நம் ராஜகோபுரம் 236 அடி, 13 நிலை, 13 கலசம். ஆனால் அதற்குக் கும்பாபிஷேகம் ஆனது 1987 மார்ச் 25-ல்தான். அதற்கு முன் ஏறக்குறைய 400 வருஷம் அது மொட்டைக் கோபுரம். அகோபில மடத்து 44-வது பட்டம் ஜீயர் முன்னின்று முடித்து வைக்கும்வரை அதற்கு மேல்நிலையும் இல்லை, கலசமும் இல்லை. அந்த 400 வருஷமும் தெற்கு வாசல்காரர்கள் இடிக்குப் பயந்து ஊரைக் காலி செய்யவில்லை. கடை விரித்து வியாபாரம் செய்தார்கள். தவிர, இடிதாங்கி என்றால் உச்சியில் உலோகம் இருந்தால் மட்டும் போதாது, அங்கிருந்து பூமிக்குள் இறங்கும் எர்த் கம்பி வேண்டும். செங்கல்லும் சுதையும் கம்பி ஆகாது.

இந்தச் செய்திக்கு ஒரு தம்பி உண்டு: 'வெள்ளத்தில் ஊர் அழிந்தால் கலசத்துத் தானியம்தான் விதைநெல்.' கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் இருக்கிற தீவில் வெள்ளப் பயம் நியாயம்தான். ஆனால் திருச்சி வெயிலில் செப்புப் பாத்திரத்துக்குள் பன்னிரண்டு வருஷம் கிடந்த தானியத்தை ஒரு லால்குடி விவசாயியிடம் விதைக்கக் கொடுத்துப் பாருங்கள். பொரியா, விதையா என்று கேட்பார்.

அடுத்தது ஏகாதசி. இதுதான் எனக்குப் பிடித்த தலைப்பு. 'பதினைந்து நாளுக்கு ஒருமுறை வயிற்றுக்கு ஓய்வு. அன்றைக்கு நிலாவின் ஈர்ப்பு உடம்பிலுள்ள நீரை இழுக்கும், அதனால் ஜீரணம் மந்தமாகும்.' நிலா இழுப்பது உண்மை. கடலில் ஏற்ற இறக்கம் அதனால்தான். ஆனால் அந்த ஏற்றம் உச்சத்துக்குப் போவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி. ஏகாதசிக்கு அதில் தனிச் சலுகை எதுவும் இல்லை. போகட்டும், மலைக்கோட்டைத் தெப்பக்குளத்தில் என்றைக்காவது நிலாவால் தண்ணீர் ஏறி நந்தி கோயில் தெருவுக்கு வந்ததுண்டா? அந்தக் குளத்தையே அசைக்காத நிலா, என் தொப்பைக்குள் இருக்கிற இரண்டு டம்ளர் தண்ணீரை என்ன செய்துவிடும்?

வயிற்றுக்கு ஓய்வு என்பதை உத்தர வீதிப் பக்கம் ஒரு வீட்டு அடுக்களையில் போய்ச் சொல்ல வேண்டும். சொட்டுத் தீர்த்தம்கூடப் படாமல் சுத்த உபவாசம் இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் நமஸ்காரம். மற்றவர்களுக்குப் பலகாரம். அன்று சாதம் கூடாது, அரிசி உப்புமா கூடும். முழு அரிசி பாவம், உடைத்த அரிசிக்கு மன்னிப்பு! வெண்கலப் பானையில் நல்லெண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, மிளகும் சீரகமும் துவரம்பருப்புமாக உடைத்த அரிசிக் குருணை வெந்து, அடியில் பொன்னிறமாகப் பிடித்திருக்கும். அந்தக் காந்தலைச் சுரண்டித் தரச் சொல்லிப் பிள்ளைகள் போடும் சண்டை வாசல்வரை கேட்கும். கூடவே கத்திரிக்காய் கொத்சு.

"மாமி, ஏகாதசி வயித்துக்கு ஓய்வுன்னு போட்டிருக்காளே?" என்று கேட்டேன்.

"வயித்துக்கு இருக்கட்டும்டாப்பா. எனக்கு என்னிக்கு ஓய்வுன்னு போட்டிருக்கா, பாத்துச் சொல்லு."

மறுநாள் துவாதசிப் பாரணை. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று முழுத் தளிகை. மாமி இரண்டரை மணிக்கே எழுந்தாக வேண்டும்.

இதே விரத விஞ்ஞானத்தைக் கொள்ளிடம் தாண்டிச் சமயபுரத்துக்குக் கொண்டு போனால் அப்படியே படுத்துவிடும். அங்கே மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கிப் பங்குனி கடைசி ஞாயிறு வரை 28 நாள் பச்சைப் பட்டினி. பட்டினி கிடப்பது பக்தர்கள் அல்ல, மாரியம்மன். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆத்தா விரதம் இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும்தான். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் சாப்பாட்டை மறப்பவள் அம்மா. அதைப் பார்த்தவர்கள் அம்மனுக்கும் அதையே வைத்தார்கள். இதில் யாருடைய ஜீரண உறுப்புக்கு ஓய்வு தருவது?

அடுத்தது படுக்கும் திசை. 'வடக்கே தலை வைத்தால் பூமியின் காந்தம் இரத்தத்திலுள்ள இரும்பை மூளைக்கு இழுக்கும்.' இரத்தத்து இரும்பு ஆணி இரும்பு அல்ல. காந்தத்தில் போய் ஒட்டாது. ஒட்டுமானால் தில்லைநகரில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனவர்கள் எவரும் திரும்பியிருக்க முடியாது. அந்த இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியினுடையதைப்போல் 30,000 மடங்குக்கும் மேல். நம் பெருமாள் மேற்கே தலையும் கிழக்கே திருவடியுமாகச் சயனித்துத் தெற்கே பார்க்கிறார். ஏன் தெற்கு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்: இலங்கையில் இருக்கும் விபீஷணனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆடி மாதத்துக்கு இரண்டு செய்திகள் வரும். ஒன்று, 'ஆற்றில் செப்புக்காசு போட்டது தண்ணீரைச் சுத்திகரிக்க.' செம்புப் பாத்திரத்தில் இரவெல்லாம் தேங்கி நிற்கும் தண்ணீரில் கிருமி குறையும், சரி. ஆனால் பதினெட்டாம் பெருக்கன்று காவிரியில் 10,000 கனஅடி வருகிறது என்று வைத்துக்கொண்டால்கூட அம்மா மண்டபத்தை நொடிக்கு 2.8 லட்சம் லிட்டர் கடந்து போகும். மணலில் புதைந்த காசு அதில் எந்த லிட்டரைச் சுத்தம் செய்யும்? இப்போது போடுகிற காசோ எவர்சில்வர் ஜாதி. படித்துறைப் பெண்களிடம் கேட்டால் காவிரிக்கு மசக்கை என்பார்கள். அதற்காகத்தான் புளியோதரை, எலுமிச்சை, தேங்காய்ச் சாதம், காதோலை கருகமணி எல்லாம். ஆடியில் உற்சவர் நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுக்கிறார். மசக்கைக்காரிக்குச் சீர் செய்கிற இடத்தில் கிருமி ஆராய்ச்சி எதற்கு?

இன்னொன்று, ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரிப்பது. 'சித்திரை வெயிலில் பிரசவம் ஆகாமல் தடுக்க' என்பது விளக்கம். கணக்கு சரியாகத்தான் வருகிறது, ஆடிக்குப் பத்தாவது மாதம் சித்திரை. ஆனால் ஆனிக்குப் பங்குனி வரும், ஆவணிக்கு வைகாசி வரும். அக்னி நட்சத்திரத்தில் பாதி வைகாசியில்தான் விழுகிறது. வெயில்தான் காரணம் என்றால் ஆவணியிலும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆவணியிலோ கல்யாண மண்டபமே கிடைப்பதில்லை. சித்திரைப் பிள்ளை வீட்டுக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, அதைச் சாக்காக வைத்துப் பெண் ஒரு மாதம் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். மாமியார்கூட மறுக்க முடியாத விடுமுறை அது. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் தள்ளுபடி. அதற்கு இன்னும் யாரும் நரம்பு கண்டுபிடிக்கவில்லை என்பதே ஆச்சரியம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைநுட்பமே காரணமாக உள்ள வழக்கங்களும் உண்டு. பெரிய பெருமாள் திருமேனி சுதை. அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். ஆனி ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலம் சாற்றியபின் சில வாரம் திருவடி சேவை இருக்காது. ஏன் என்று கோயிலில் கேளுங்கள்: "சுதை சார், தண்ணி பட்டா கெட்டுடும்." அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர் பேச்சில் கதிர்வீச்சு கிடையாது, முன்னோர் சான்றிதழும் கிடையாது.

கதையே காரணமாக உள்ள இடத்தில் கதையைத்தான் சொல்வார்கள். நம்பெருமாளுக்குக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள், கைலியும் சாற்றுகிறார்கள். டில்லியிலிருந்து அவரைத் தேடி வந்த துலுக்க நாச்சியாருக்காக. இதைக் 'கோதுமையில் நார்ச்சத்து' என்று விளக்கி ஒரு செய்தி வந்தாலும் வரும்.

கடைசியாகப் பங்குனி. நம்பெருமாள் ஆற்றைக் கடந்து உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டுவிட்டுத் திரும்புகிறார். பங்குனி உத்திரத்தன்று தாயார் சன்னதிக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கும். படிதாண்டாப் பத்தினிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கணையாழி தொலைந்துவிட்டது, தேடப் போனேன் என்று அவர் சமாதானம் சொல்ல, உள்ளேயிருந்து பூவும் பழமும் வெண்ணெயும் பறக்கும், வாழைமட்டையால் அடி விழும். பல்லக்கு பின்வாங்கும், மறுபடி வரும், மறுபடி அடி. இரண்டு பக்கத்துக்கும் ஆள் நின்று வாதாடுவார்கள். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமரசம் பேச, கதவு திறக்கும். வருஷத்தில் அன்று ஒருநாள்தான் ரங்கநாயகித் தாயாரோடு சேர்த்தி. அதைச் சேவிக்கக் கூட்டம் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் நிற்கிற எந்த மாமியிடமாவது போய், மட்டையடியில் எந்த நரம்பு தூண்டப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். மிச்சமிருக்கும் வாழைமட்டை யாருக்கு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.