மொட்டைமாடியில் மூன்று ராஜ்யங்கள்

சென்ற நவராத்திரியில் ஒரு நாள் மாலை, மயிலாப்பூரில் நமது இல்லத்துக் கொலுவைப் பார்ப்பதற்காகத் தியாகராய நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் பந்துக்கள் குழந்தை குட்டிகளுடன் வந்திருந்தார்கள். பெரியவர்கள் கொலுவைப் பற்றிப் பேசுவதாகப் பெயர் பண்ணிக்கொண்டு தங்கத்தின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுண்டல் இன்னும் அடுப்பிலிருந்து இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஒரு சிறு பட்டாளம் வந்து நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போயிற்று. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான், நாம் ஒரு சர்வதேச ஸங்கீதப் போட்டிக்கு மத்தியஸ்தராக நியமனம் பெற்றிருக்கிறோம் என்பது தெரிய வந்தது.

அரை மணி நேரத்துக்குள் மூன்று புதிய ராஜ்யங்கள் உலகத்தில் தோன்றியிருந்தன. மயிலாப்பூர்க் குழந்தைகளின் தேசம் மயூரபுரி. அடையாற்றிலிருந்து வந்தவர்கள், பிரம்மஞான சபைத் தோட்டத்தின் பெரிய ஆலமரத்தை நினைத்துக்கொண்டு, தங்கள் நாட்டுக்கு ஆலமரத் தீவு என்று பெயர் சூட்டியிருந்தார்கள். தியாகராய நகரத்தார் சிறிதும் கூச்சமின்றித் தங்களுடையது பாண்டி பஜார் சாம்ராஜ்யம் என்று பிரகடனம் செய்தார்கள். "அது நாடா? கடைத்தெரு அல்லவா?" என்று ஆலமரத் தீவின் மந்திரி ஆட்சேபித்தான். கடைத்தெருவில் ஆரம்பித்துச் சாம்ராஜ்யமாக முடிவது உலகத்தில் இல்லாத விஷயமல்ல என்றும், இதே சென்னையில் துணி வாங்க வந்த ஒரு கம்பெனி என்ன செய்தது என்பதைப் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புஸ்தகத்தில் பார்க்கலாம் என்றும் நாம் சமாதானம் கூறினோம். கொடிகளும் தயாராயிருந்தன. மயூரபுரிக்கு ஒரு துவாலை. தீவுக்கு ஒரு தலையணை உறை. சாம்ராஜ்யத்துக்கு ஒரு துணிக்கடைப் பை.

ஒவ்வொரு தேசமும் ஒரு பாட்டுப் பாடவேண்டியது. எது சிறந்தது என்று நாம் சொல்லவேண்டியது. இவ்வளவுதான் விதி. நாம் சாய்வு நாற்காலியில் கம்பீரமாகச் சாய்ந்துகொண்டு, "ஆரம்பிக்கலாமே!" என்றோம். அப்போது மயூரபுரியின் சார்பில் பாடவேண்டிய பெண் எழுந்து நின்றாள். அவள் நம் பேத்தி, பதினொரு வயது.

"தாத்தா, நீங்கள் எந்த நாட்டுப் பிரஜை?" என்று கேட்டாள்.

"இது என்ன கேள்வி? மயிலாப்பூரில் இருப்பவன் மயூரபுரிப் பிரஜைதானே?"

"அப்படியானால் நீங்கள் தீர்ப்புச் சொல்லக்கூடாது."

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது நமக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன்பு சிறிய சபை ஒன்று குழந்தைகளுக்குப் பாட்டுப் போட்டி வைத்தது. சபையின் பெயர் வேண்டாம். பேத்தி பாடினாள், நன்றாகவே பாடினாள் என்று நாம் சொன்னால் தாத்தாவின் பேச்சு என்று தள்ளிவிடுவீர்கள். தள்ளிவிடுங்கள். ஆனால் பரிசு பெற்ற குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர், தீர்ப்பளித்த மூவரில் ஒருவராக மேடையில் வீற்றிருந்தார். அதை அன்று வீடு திரும்பும்போது வண்டியில் நம் வீட்டார் யாரோ வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள். குழந்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் சுருதிப் பெட்டியைத் தொடவில்லை. பாட்டு வாத்தியார் வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். நாலு மாதம் இப்படியே சென்றது. மொட்டைமாடியில், இல்லாத ஒரு தேசத்துக்காக, அவள் பாடுவதற்கு எழுந்து நின்றதே நமக்கு ஆச்சரியந்தான்.

அவள் கேட்ட கேள்வி மிகவும் பழைய கேள்வி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நாற்பத்து நாலாவது, இசைவாது வென்ற படலம். விறகு விற்ற படலம் எல்லோருக்கும் தெரியும். இதை நம்மவர் அதிகம் படிப்பதில்லை. பாணபத்திரன் மனைவி இசையில் இணையற்றவள். பாண்டியனுடைய காமக்கிழத்தி ஒருத்திக்கு அவள்மீது பொறாமை. அவளுடைய தூண்டுதலால் அரசன் ஈழ நாட்டிலிருந்து ஒரு பாடினியை வரவழைத்துப் போட்டி ஏற்படுத்துகிறான். கடல் கடந்து வந்தவளுக்கும் உள்ளூர்க்காரிக்கும் பாட்டிலே வாது என்றால், இதைவிடச் சர்வதேசப் போட்டி வேறென்ன வேண்டும்? ஆனால் இங்கே ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். பாண்டியன் தன் நாட்டுக்காரிக்குப் பரிந்து பேசவில்லை. அந்தப்புரத்துக்குப் பரிந்து பேசினான். ஈழத்துப் பாடினியின் பாட்டே உயர்ந்தது என்றான். அரசன் சொன்னதைச் சபையில் இருந்தவர்களும் ஆமோதித்தார்கள். அவர்களுக்குக் காது இல்லாமல் இல்லை, கழுத்தும் இருந்தது. அபலையான பாணன் மனைவி ஆலவாய் அண்ணலிடம் முறையிட்டாள். கோயிலில் வைத்துப் போட்டி நடந்தபோது சோமசுந்தரக் கடவுளே இசைப்புலவராக வந்து சபையில் அமர்ந்தார். அதன் பிறகு அதே அரசன் வாயிலிருந்தே நேர்மையான தீர்ப்பு வந்தது. நல்ல மத்தியஸ்தர் ஒருவர் கிடைப்பதற்கு ஆண்டவனே புறப்பட்டு வரவேண்டியிருந்தது என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல!

தஞ்சாவூரில் நடந்ததாகச் சொல்லும் கதையும் இந்த வகையைச் சேர்ந்ததே. பொப்பிலி சமஸ்தானத்திலிருந்து கேசவய்யா என்ற வித்வான் ஊர் ஊராக ஜயித்துக்கொண்டு வந்து, தஞ்சை வித்வான்களையும் அறைகூவினார். சியாமா சாஸ்திரிகள் காமாக்ஷியம்மனை வேண்டிக்கொண்டு சபைக்குச் சென்றார். எதிராளி சிம்மநந்தன தாளத்தில் கர்ஜித்தபோது இவர் சரபநந்தனத்தை அவிழ்த்துவிட்டுத் தஞ்சையின் மானத்தைக் காப்பாற்றினார் என்பது கர்ண பரம்பரை. சிங்கத்தை வெல்வது சரபம் அல்லவா? கேட்க மிகவும் ரஸமாக இருக்கிறது. பொப்பிலியில் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்களோ!

மேல்நாட்டார் இதையே பெரிய ஏற்பாடாகச் செய்து வருகிறார்கள். யூரோவிஷன் என்ற பாட்டுப் போட்டி 1956-ஆம் வருஷம் ஸ்விட்ஸர்லாந்தில் லுகானோ நகரத்தில் ஆரம்பமாயிற்று. பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் பீரங்கியும் ஆகாய விமானமுமாய் ஒருவரையொருவர் நாசம் செய்துகொண்டிருந்த ஜாதியார், இனிப் பாட்டால் போட்டியிடுவோம் என்று கூடியது மெச்சத் தகுந்த காரியமே. ஏழு தேசங்கள் கலந்துகொண்டன; தேசத்துக்கு இரண்டு பாட்டு; தேசத்துக்கு இரண்டு மத்தியஸ்தர்கள். மத்தியஸ்தர்கள் தத்தம் நாட்டுக்கே வாக்களிக்கலாம் என்றும் விதி இருந்தது! லக்ஸம்பர்க் தேசத்தாரால் மத்தியஸ்தர்களை அனுப்ப முடியவில்லை. அவர்களுக்குப் பதிலாக ஸ்விட்ஸர்லாந்துக்காரர்களே வாக்களித்தார்கள். முடிவில் ஜயித்த தேசம் எது என்று நேயர்களே ஊகிக்கலாம். ஆம், ஸ்விட்ஸர்லாந்துதான். யாருக்கு எத்தனை வாக்கு என்பதை வெளியிடவில்லை. லிஸ் ஆஸியா என்ற அந்த அம்மையார் மிக நன்றாகப் பாடியிருக்கலாம். இருந்தும், ஒரு மூலையில் சந்தேகம் உட்கார்ந்துகொண்டு விடுகிறதல்லவா? பாடியவருக்குத்தான் அதனால் அநியாயம். அடுத்த வருஷமே, தன் நாட்டுக்குத் தானே வாக்களிக்கக்கூடாது என்று விதியை மாற்றினார்கள்.

மாற்றி என்ன? அண்டை வீட்டார் அண்டை வீட்டாருக்கு வாக்களிக்கிறார்கள் என்ற புகார் இன்றுவரை ஓயவில்லை. 1978-இல் இஸ்ரேல் ஜயிக்கும் நிலை ஏற்பட்டபோது, ஜோர்டான் தேசத்துத் தொலைக்காட்சி போட்டியைக் காட்டுவதை நிறுத்திவிட்டுப் புஷ்பங்களின் படத்தைக் காட்டியது. ஜயித்தது பெல்ஜியம் என்றும் அறிவித்தது. இதைக் கேள்விப்பட்டபோது நமக்குப் பாண்டியன் சபை நினைவுக்கு வந்தது. 1969-இல் வேறொரு கூத்து. ஸ்பெயின், பிரிட்டன், ஹாலந்து, பிரான்ஸ் ஆகிய நாலு தேசங்களும் ஆளுக்குப் பதினெட்டு வாக்குப் பெற்றன. சமமாக வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. ஆகவே நாலு பேருமே ஜயித்தவர்கள் என்றார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒவ்வொரு தேசமும் தன் பாஷையிலேயே பாடவேண்டும் என்று சில காலம் அங்கே கட்டாயம் இருந்தது. 1999-இல் அந்தக் கட்டாயம் போன பிறகு, பெரும்பாலோர் இங்கிலீஷில் பாடத் தொடங்கினார்கள். தேசத்தின் பெயரால் மேடையேறி, பக்கத்து வீட்டுப் பாஷையில் பாடிவிட்டு இறங்குவது நமக்குச் சற்றும் விளங்காத சமாசாரம். 1964 முதல் போட்டியிட்டும் ஒரு முறைகூட ஜயிக்காத போர்ச்சுகல், 2017-இல் தன் சொந்தப் பாஷையில், ஆர்ப்பாட்டம் ஏதுமில்லாத ஒரு மெல்லிய பாட்டைப் பாடி முதலிடம் பெற்றது என்று கேட்டபோது நம் வீட்டில் யாருக்கோ கல்யாணம் நிச்சயமானதுபோல் சந்தோஷப்பட்டோம். நாட்டுக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே கூடாது என்று சொல்லுகிறவர் கட்சியில் நாம் இல்லை. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி ஸங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பயனாகத்தான் மறு வருஷம் ஸங்கீத வித்வத் சபை பிறந்தது. தேசாபிமானம் பாட்டுக்கு இடம் கொடுக்கலாம். தராசைக் கையில் வாங்கிக்கொள்ளும்போதுதான் தொல்லை.

நம் ஊர் சினிமாக்காரர்கள் இந்த விஷயத்தில் வெகு சாமர்த்தியசாலிகள். பாண்டி பஜாரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். இன்று பெரிய ஹோட்டலும் கட்டிடங்களும் நிற்கும் இடத்தில், மவுண்ட் ரோடு மேம்பாலத்தின் அருகே, ஜெமினி ஸ்டூடியோ இருந்தது. ஸ்ரீ வாஸன் அவர்கள் 1958-இல் வெளியிட்ட 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் வஞ்சிக்கோட்டை என்று ஒரு கற்பனை நாடு. இரத்தினத் தீவு என்று இன்னொரு கற்பனை நாடு. அந்த இரண்டு தேசத்து ராஜகுமாரிகளும் ஒரே சபையில் ஆடிப் பாடிப் போட்டியிடுகிறார்கள். ஆடியவர்கள் பத்மினியும் வைஜயந்திமாலாவும். குரல் கொடுத்தவர்கள் பி. லீலாவும் ஜிக்கியும். பாட்டை எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. மெட்டமைத்தவர் மராட்டியரான ஸி. ராமச்சந்திரா. இரண்டு கற்பனை நாடுகளுக்காக இத்தனை நாட்டார் உழைத்திருக்கிறார்கள்! போட்டி உச்சத்தை எட்டும்போது யார் ஜயித்தது என்று தீர்ப்பு வருவதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது. பத்மினி கட்சியாரும் வைஜயந்தி கட்சியாரும் அதன் பிறகு வீட்டுத் திண்ணைகளில் அந்தத் தீர்ப்பை எத்தனை வருஷம் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது நேயர்களில் வயதானவர்களுக்குத் தெரியும். அந்தச் சபையில் இரு பக்கமும் சாயாமல் ஆட்டத்தை மாத்திரம் ரஸித்து 'சபாஷ்' போட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் அந்தக் கதையின் துஷ்டன், பி. எஸ். வீரப்பா!

1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்திலும் இதே ரஸம் உண்டு. வடக்கேயிருந்து வந்த ஹேமநாத பாகவதர் பாண்டிய நாட்டையே பாட்டில் பணயமாகக் கேட்கிறார். பிறகு தோற்று ஓடுகிறார். ஆனால் தோற்பவருக்காகப் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ராகமாலிகையைத்தானே இன்றும் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பாடிக் காட்ட முனைகிறார்கள்? ஓடிப்போனவரின் பாட்டு இங்கேயே தங்கிவிட்டது.

மொட்டைமாடிக்குத் திரும்புவோம். நம் பதவி பறிபோன பிறகு பிள்ளைகள் கூடி ஆலோசித்தார்கள். ஒவ்வொரு தேசமும், தன்னை விட்டுவிட்டு மற்ற இரண்டில் ஒன்றுக்கு ஒரு வாக்குப் போடவேண்டும் என்று முடிவாயிற்று. ஐரோப்பிய தேசத்தார் ஒரு வருஷம் அடிபட்டுக் கற்றதை இவர்கள் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். நமக்குத் தாளம் போடும் உத்தியோகம் கொடுத்தார்கள்.

பாண்டி பஜார் சாம்ராஜ்யத்தின் பெண் கச்சேரி மேடையில் உட்கார்ந்ததுபோல் கணீரென்று பாடினாள். ஆலமரத் தீவின் பையன் தன் பாட்டியிடம் கற்ற ஒரு தாலாட்டைப் பாடினான்; பாதியில் மறந்துவிட்டது; மறந்த இடத்தில் தானாகவே இரண்டு வரி கட்டிப் பாடி முடித்தான். கடைசியில் மயூரபுரி. பேத்தி கண்ணை மூடிக்கொண்டாள். முதல் அடியில் குரல் நடுங்கியது. இரண்டாவது அடியில் சுருதி சேர்ந்துவிட்டது. எப்படிப் பாடினாள் என்று நாம் எழுதப்போவதில்லை. அந்த உரிமையைத்தான் அவள் பறித்துவிட்டாளே. தாளம் இரண்டு இடத்தில் தவறியது. அது நம் கையின் குற்றம்.

வாக்கெடுத்தார்கள். சாம்ராஜ்யம் தீவுக்குப் போட்டது. தீவு மயூரபுரிக்குப் போட்டது. மயூரபுரி சாம்ராஜ்யத்துக்குப் போட்டது. ஆளுக்கு ஒன்று! 1969-இன் கதையை நாம் ஆவலுடன் சொல்ல வாயெடுத்தோம். யாரும் கேட்கவில்லை. கீழேயிருந்து சுண்டல் தயார் என்று குரல் வந்துவிட்டது. மூன்று ராஜ்யங்களும் கொடிகளைப் போட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடின.

கொடிகளை நாம்தான் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தோம். மறுநாள் விடியற்காலையில் காப்பிக்காகக் காத்திருந்தபோது, உள் அறையிலிருந்து நாலு மாதமாகக் கேளாத சுருதிப் பெட்டியின் சப்தம் கேட்டது. அறைக் கதவு சாத்தியிருந்தது. நாம் தட்டவில்லை.