கோயில் வாசலில என்ன விசாரணை?

2009 மே 18, வட்டுவாகல். சரணடையப் போன போராளிகளோடும் அவர்களின் குடும்பங்களோடும் பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் போனார். யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அவர். இன்றுவரை திரும்பி வரவில்லை. கடைசிவரை சனத்தோடேயே நின்ற சரத்ஜீவன் அடிகளாரும் அதே நாளில்தான் உயிரிழந்தார். "நீ ஆர், என்ன செய்தனி?" என்று விசாரித்துப்போட்டா இவர்கள் சனத்தோடு நின்றார்கள்?

இன்று வன்னியில், புனர்வாழ்வு முடிந்து வந்த ஒரு அக்கா பூசைக்கு வந்தால் பின் வாங்கில் குசுகுசுப்புத் தொடங்குது. "தடுப்பில இருந்தவள், என்ன நடந்ததோ" என்கினம். புருசன் இல்லாமல் பிள்ளை வளர்க்கிறவளின் வீட்டுக்கு ஆர் வந்து போகினம் என்று கணக்கெடுக்கினம்.

"அப்ப, பாவத்தைப் பாவம் எண்டு சொல்லக்கூடாதோ?" என்று கேட்பீர்கள். கல்லோடு வந்த ஆக்கள் எல்லாரும் போன பிறகுதான் இயேசு அந்தப் பெண்ணோடு பாவத்தைப் பற்றிக் கதைத்தார். அந்த ஒழுங்கை நாங்கள் மாற்ற ஏலாது. அதோடு, போரில் தப்பி வந்தது ஒரு பாவமும் இல்லை.

வாற ஞாயிறு அந்த அக்காவுக்குப் பக்கத்தில போய் இருப்பம். பழசைக் கிண்டாமல், பிள்ளையின்ர படிப்பைக் கேட்பம், அவவின்ர வேலையைக் கேட்பம். மிச்சத்தை அவவே விரும்பினால் சொல்லட்டும்.